ஊஞ்சப்பதி ஏரி இறங்கிய இரண்டு நாள்

2016 பிப்ரவரி 7 – ரூ. 61,500
2017 ஆகஸ்ட் 20 – ரூ. 11,40,000
2021 டிசம்பர் 15 – ரூ. 4,00,000
2022 ஏப்ரல் 18 – ரூ. 4,00,000
2024 ஜனவரி 9 – ரூ. 10

இந்த ஐந்து தொகைகளும் ஊஞ்சப்பதி ஏரியின் மதகைச் சேர்ந்தவை. முதலாவது, மதகுக்குப் புது ஷட்டர் வேண்டும் என்று ஏக்கருக்கு ஐந்நூறு வீதம் பாசனக்காரர்கள் கொடுத்தது. இரண்டாவது, அந்த ஷட்டருக்கு அரசாங்கம் செலவழித்தது. மூன்றாவது, நாச்சம்மாளின் உயிருக்கு அரசாங்கம் கொடுத்தது. நான்காவது, அதே பணத்தை மகன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. ஐந்தாவது, ஒரு விண்ணப்பத்தில் ஒட்டிய முத்திரை வில்லையின் விலை. ஐந்திலும் சம்பந்தப்பட்டவர் ஒருவரே. அவர் குப்பண்ணன், நாச்சம்மாளின் கணவர்.

குப்பண்ணன் 1956ஆம் வருஷம் ஆவணி மாதம் பிறந்தார். கேரளத்து வடகரப்பதிப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அரை மைல் இப்பால், ஊஞ்சப்பதி ஏரிக்கரைக்குக் கீழே நாற்பது வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அவருடையது. நிலம் மூன்றரை ஏக்கர். ஆனால் நிலம் வீட்டுக்கு அருகில் இல்லை. வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருந்தது. நான் ஊஞ்சப்பதிப் பால் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் செயலாளராக இருந்தவன். சங்கக் கட்டடம் கரைமேல் ஏறும் இடத்தில் இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு ஏரியின் அளவுக்கல்லைப் பார்த்து நீர்மட்டத்தை எழுதிவைப்பது என் பழக்கம். அவரும் நானும் அந்தக் கரையிலேயே வயதானோம்.

அவருக்கு மெதுவாக நடக்கும் எதுவும் ஆகாது. பந்தியில் ரசம் வருவதற்குள் கையைக் கழுவிவிடுவார். சந்தைக்குப் போனால் நாச்சம்மாள் பத்தடி பின்னால்தான் வரவேண்டும். கல்யாணத்தன்று சடங்கு நடத்தும் அருமைக்காரர் சொல்லி முடிக்கும் முன்பே தாலியைக் கட்டிவிட்டாராம். "எங்க ஓடிப் போயிருவன்னு அத்தன அவசரம்னு கேளுங்ணா" என்று நாச்சம்மாள் பால் ஊற்ற வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "கட்டுனதுக்கப்பறம் ஓடறதுக்கு எங்கீங்க நேரம்?" என்பது குப்பண்ணனின் பதில்.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணமும் உண்டு. 1983 கோடையில் அவருடைய நிலத்தில் நெல் பால்பிடிக்கும் தறுவாயில் இருந்தது. ஏரியில் ஒன்பதடி தண்ணீர் நின்றது. மதகைத் திறந்தாயிற்று. ஆனால் பழைய மதகு என்பது கரைக்கு அடியில் போகும் ஒரு கல் தூம்பு. வாயை அடைக்க ஒரு மரக்கட்டை. கட்டையை முழுவதும் உருவினாலும் ஏரி நாளுக்கு ஒரு சாண்தான் இறங்கும். அந்தத் தண்ணீர் மேல் வயல்களை நனைத்து முடித்துக் கடைமடைக்கு வருவதற்குள் பயிர் வைக்கோல் ஆகிவிட்டது. வரப்பில் நின்று பார்த்தால் கரையும், கரைமேல் ஏறி நின்றால் தண்ணீரும் தெரியும். கண்ணுக்கு எதிரே தண்ணீர் இருந்தும் பயிர் செத்ததை அவர் மறக்கவே இல்லை. அந்த வருஷம் நடக்கவிருந்த தங்கையின் கல்யாணம் தள்ளிப்போயிற்று.

பாசன சங்கத்துக்குத் தலைவரானதும் அவர் எடுத்த ஒரே காரியம் புது ஷட்டர். நான்கு வருஷம் டவுனுக்கும் மேல் ஆபீஸுக்கும் நடந்தார். நான் மலையாளத்தில் அபேக்ஷ, அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுப்பேன்; அவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கடைசியில் 2017 ஆகஸ்டில் ஷட்டர் வந்தது. ஐந்தடி அகல இரும்புப் பலகை, மேலே சக்கரம், சக்கரத்தைச் சுற்ற ஒரு கைப்பிடி. முதல் நாள் திறந்தபோது வாய்க்காலில் தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. அன்று சாயங்காலத்துக்குள் கடைமடை நனைந்துவிட்டது. குப்பண்ணன் தன் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

கைப்பிடி அவர் வீட்டில் இருந்தது. ஆயுத பூசைக்கு அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் அதை வைத்துச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்திப் பூவும் சாத்துவார். "உங்க மூத்த சம்சாரம் அதுதானுங்" என்பார் நாச்சம்மாள். ஷட்டரோடு வந்த பெட்டியில் எவ்வளவு திறக்கலாம், எவ்வளவு வேகத்தில் ஏரியை இறக்கலாம் என்று எந்தக் காகிதமும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேகம் வேண்டும் என்றுதானே அதைக் கேட்டோம்.

2021 நவம்பரில் விடாமல் மழை பெய்தது. பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அளவுக்கல் இருபத்திரண்டு அடி காட்டியது. அதற்குமேல் கல்லில் கோடு கிடையாது. அன்று மத்தியானம் சிவப்பிரகாஷ் வீட்டுப் பின்புறம் கரையின் அடிவாரத்தில் மண் ஊறி நீர் கசியத் தொடங்கியது. சிவப்பிரகாஷ் டெம்போ ஓட்டுகிறவர். கரைக்கு மிக நெருக்கமான வீடு அவருடையது. மண் கரை என்றால் ஏரி நிறையும்போது அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். ஆனால் அந்த மழையில் எல்லாத் தண்ணீரும் கலங்கலாகத்தான் இருந்தது. எது கரைக்குள்ளிருந்து வந்தது, எது கூரையிலிருந்து வடிந்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? செல்போன்களில் எங்கோ உடைந்த அணையின் படம் வேறு வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பாசனத்துறை ஓவர்சியர் ஜோமோன் போன் செய்தார். குப்பண்ணன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

"குப்பண்ணன் சேட்டா, லெவல் குறைக்கணும் கேட்டோ. நான் இவிடெ வேற ஒரு ஏரியில மாட்டியிருக்கேன்."

"எத்தனைங்க குறைக்கறது?"

"நோக்கிச் செய்யுங்க சேட்டா. ஆளுங்க பத்ரம்." அதோடு இணைப்பு போய்விட்டது.

பார்த்துச் செய் என்றுதான் சொன்னார். குப்பண்ணன் முதலில் நான்கு சுற்றுத்தான் திறந்தார். கரைமேல் நாற்பது வீட்டு ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"ஏனுங் தலைவரே, நாலு சுத்துத் தொறந்துட்டு வேடிக்க பாக்கறீங்க? எங்கூட்டுச் சொவத்துல தண்ணி ஊறுதுங்க!" என்றார் சிவப்பிரகாஷ்.

"தொறந்திருக்குதப்பா. எறங்கட்டும்."

"எறங்கட்டுமா? ஊசி குத்துன மாதர உட்டுட்டு எறங்கட்டுங்கறீங்க! புள்ளகுட்டிய வெச்சுட்டு நாங்க எங்க போறது?"

கூட்டத்தில் ஒரு பெண்குரல், "பதினோரு லச்சத்துக்கு வாங்கி வெச்சது பொட்டு வெச்சுக் கும்படறதுக்குங்களா? இதுக்கு அந்தப் பழைய கட்டையே தேவல" என்றது.

குப்பண்ணன் முகம் மாறியது. சக்கரத்தை இருகையாலும் பிடித்துச் சுற்றினார். இனிச் சுற்றாது என்று சக்கரம் முட்டி நிற்கும்வரை சுற்றினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அளவு பதினேழு அடி. ஒரே நாளில் ஐந்தடி. புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டரை. மழையும் திங்கட்கிழமை மத்தியானமே விட்டிருந்தது. சிவப்பிரகாஷ் வீட்டுப் பின்புறக் கசிவு குறைந்து, ஈரம் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் மனைவி செல்வப்பிரியா கரைமேல் வந்து எல்லோருக்கும் கச்சாயப் பலகாரமும் காப்பியும் கொடுத்தார். யாரோ சக்கரத்தில் மாலை போட்டார்கள். "தலைவர் இல்லீன்னா இன்னிக்கு நம்ம ஊரே ஆத்தோட போயிருக்கும்" என்று சிவப்பிரகாஷ் சொன்னதை நான் கேட்டேன். குப்பண்ணன் ஒரு கச்சாயத்தை இரண்டே வாயில் முடித்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

புதன்கிழமை காலை ஷட்டரை இறக்கிய பிறகு நாச்சம்மாள் வந்தார். அவர்களுக்கு இரண்டு கறவை மாடுகள்.

"ஏனுங், கட்டுத்தரையெல்லாஞ் சேறுங்க. மாடு ரெண்டும் படுக்காம நின்னுட்டே இருக்குது."

"உள்வாய்ப் படியில கொண்டோயிக் கட்டு புள்ள. காஞ்ச எடம், புல்லும் இருக்குது."

ஏரிக்கரையின் உள்சரிவில், மேல்பாதியில், மாடு குளிப்பாட்ட அகலமான ஒரு மண்படி உண்டு. மூன்று நாளுக்கு முன் அது நான்கடித் தண்ணீருக்குள் இருந்தது.

"உள்ளயா? பயமில்லீங்களா?"

"என்ன பயம்? ஏரி ஒடஞ்சா தண்ணி இக்கட்ட ஊட்டுப் பக்கந்தான வரும். அக்கட்ட என்ன வரும்?"

"நெம்ப நல்ல ரோசனைங்க. அப்ப நானும் அங்கியே ஒரு பாயப் போட்டுப் படுத்துக்கறன்."

"மாட்டுக்குப் புல்லு இருக்குது. உனக்கு என்ன இருக்குது அங்க?"

"உங்க கத்தல் கேக்காதுல்லீங்க."

குப்பண்ணன் சொன்னதில் தப்பு இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கரை உடைந்தால் வெளிப்பக்கம் உடையும். இதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லோரும் வெளிச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மத்தியானம் சிவப்பிரகாஷின் பைக் கரைமேல் ஒரு இடத்தில் தூக்கிப்போட்டது. பார்த்தால் உள்பக்க ஓரமாக, நீளவாக்கில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. வெயில் கண்ட கரிசல் மண் வெடிப்பது எங்களுக்குப் புதிதில்லை. குப்பண்ணன் மண்வெட்டியால் மண்ணை வாரிப் போட்டு, மேலே ஏறி மிதித்தார். பிறகு வெளிச்சரிவில் இறங்கி அடிவாரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "காஞ்சிருச்சுங்ணா. இனிப் பயமில்லீங்."

வியாழக்கிழமை காலை, பால் சங்கத்தில் இரண்டு பேர் பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நாச்சம்மாள் பால் கறக்க உள்வாய்க்கு இறங்கியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. நனைந்த சாக்கைத் தரையில் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம். நான் கரைமேல் ஏறிப் பார்த்தபோது உள்சரிவில் முப்பது மீட்டர் நீளத்துக்குக் கரை இல்லை. படியும் இல்லை. மேலிருந்து ஒரு கூடை மண்ணைச் சரித்ததுபோல எல்லாம் கீழே தண்ணீர்ச் சேற்றுக்குள் போயிருந்தது. கரையின் வெளிப்பாதி அப்படியே நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீடுகள் பக்கம் வரவில்லை.

ஒரு மாடு கழுத்துக் கயிற்றோடு தானாக ஏறி வந்தது. குப்பண்ணன் சேற்றில் இடுப்புவரை இறங்கிக் கையாலேயே தோண்டினார். அவரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் பொக்லைனை இறக்க முடிந்தது. நாச்சம்மாள் மத்தியானத்துக்கு முன் கிடைத்தார். கையில் கொண்டுபோன பால் போசி கடைசிவரை கிடைக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகன், நவீன்குமார். கோயம்புத்தூரில் பம்ப் செட் உதிரி செய்யும் பட்டறையில் லேத் வேலை. மனைவி கிருத்திகா, ஒரு பெண் குழந்தை. காரியம் முடிந்த அன்று, உறவுக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, நவீன்குமார் அப்பாவிடம் வந்து நின்றான்.

"உள்வாயில கட்டச் சொன்னது யாருங்க?"

"நான்தான் கண்ணு."

"ரெண்டு நாள்ல ஒம்பதரை அடி எறக்குனது?"

"ஊரே சேந்து சத்தம் போட்டாங்கடா. மழை, கண்ணு. அந்த மழையில எந்தக் கரை நிக்கும்?"

"மழை திங்கக்கெழமையே உட்டுருச்சுங்கப்பா. அம்மா செத்தது வியாழக்கெழமை." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "கரை எதனால உளுந்துச்சுன்னு கவர்மெண்டு எழுத்துல வரட்டும். மழைன்னு வந்தா உங்க கால்ல உளுந்து மன்னிப்புக் கேக்கறன். அதுவரைக்கும் நான் இந்த ஊட்டுக்கு வரமாட்டன். நீங்களும் அங்க வராதீங்க."

இலையில் இருந்தவர்கள் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்கள்.  அன்றிலிருந்து குப்பண்ணனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: கரை மழையால் விழுந்தது என்று அரசாங்கம் எழுதிய ஒரு காகிதம். அதைக் காட்டினால் மகன் வருவான்.

டிசம்பரில் நான்கு லட்சம் வந்தபோது, அதோடு வில்லேஜ் ஆபீஸ் காகிதத்தில் 'இயற்கைச் சீற்றம்' என்று இருந்தது. அவர் அதை நகல் எடுத்துக்கொண்டு, வராதே என்று சொன்னதையும் மீறிக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். மகன் பட்டறை வாசலில் நின்றபடியே படித்தான். "இது பணங் குடுக்கறதுக்காக எழுதறதுங். கரையப் பாத்தவங்க எழுதுனதக் கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். குப்பண்ணன் அந்தப் பணம் முழுவதையும் பேத்தியின் பெயரில் போட்டார். ஏப்ரலில் அது அப்படியே திரும்பி வந்தது.

கரையைப் பார்க்க அதற்கு முன்பே, ஜனவரியில், ஒரு பொறியாளர் வந்திருந்தார். பெயர் ஆன்மேரி, முப்பது வயதுக்குள் இருக்கும். இடுக்கியில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். அங்கே தோட்டத்துப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய தெக்கத்தித் தமிழ் பேசுவார். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். ஆட்களை வைத்து, விழாமல் மிஞ்சிய கரையில் மூன்று இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கினார். குழாய்க்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். ஏரி இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் கரைக்குள் தண்ணீர், ஏரித் தண்ணீரைவிட ஏழடி உயரத்தில் நின்றது. குப்பண்ணன் நம்பவில்லை. நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டிக் குழாய்க்குள் தாமே இறக்கினார். கல் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் நூலை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எப்படீங்கம்மிணி இன்னும் இங்க இருக்குது?"

"ஒங்க கரை கரிசல் களிமண்ணுய்யா. குடிச்ச தண்ணிய லேசுல விடாது. வெளிய ஏரி மளமளன்னு இறங்கிருச்சு. உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய வர நேரம் இல்ல."

"இருந்தா இருக்கட்டுமே. அதுக்கு ஏன் உளுகோணும்?"

ஆன்மேரி கொஞ்சம் யோசித்தார். "எங்க ஊர்ல ஒரு ஜீப்புக்கு இருவது பேர் ஏறுவாகய்யா. நடுவுல நிக்கிறவனுக்குப் பிடிக்கக் கம்பி கூட வேண்டாம். நாலு பக்கமும் ஆளு தாங்கும், தூங்கிக்கிட்டே வருவான். சுத்தி நின்னவுக எல்லாரும் ஒரே எடத்துல இறங்கிட்டா? அடுத்த வளைவுலயே விழுந்துருவான். ஏரித் தண்ணி கரைய உள்பக்கமா அப்படித் தாங்கிக்கிட்டு நிக்குது. அது திடீர்னு போயிருச்சுன்னா, ஊறிக் கனத்த கரைக்குச் சாய ஆள் இல்ல."

"அப்ப நிறைஞ்சு நின்னப்ப உள்சரிவு நல்லா இருந்துச்சு. எறக்குனதுதான்..." குப்பண்ணன் கையிலிருந்த நூலைப் பார்த்தார்.

"அது ஒண்ணுதான் காரணம்னு நான் எப்படிய்யா சொல்ல? மண்ணு லேபுக்குப் போயிருக்கு. பழைய கரை, மழை, வேறயும் இருக்கலாம். ரிப்போர்ட்டுல வரும்."

'வேறயும் இருக்கலாம்.' இந்த இரண்டு சொல்லை அவர் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

போகும்முன் ஆன்மேரி என்னிடம் அந்த வாரத்து நீர்மட்டத்தைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். குப்பண்ணன் எதிரில்தான் இருந்தார்.

"குடுத்துட்டீங்களாங்ணா?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

"செரி. நடந்ததத்தான குடுக்கோணும்" என்றார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

ரிப்போர்ட் வரவில்லை. ஆன்மேரி மாற்றலாகிப் போய்விட்டார். குப்பண்ணன் மாதா மாதம் டவுன் ஆபீஸுக்குப் போவார். அங்கே ஜின்சி என்ற கிளார்க், "மேலெ போயிருக்கு சேட்டா, வந்தா நானே விளிக்கும்" என்பார்.

"மேலன்னா எங்கீங்கம்மிணி? கைலாசத்துக்கா?" என்று ஒருநாள் கேட்டாராம். ஜின்சி சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் கரை பழுது பார்க்கும்வரை தண்ணீர் நிற்கக் கூடாது என்று ஷட்டரை மேலே தூக்கி வெல்டிங் வைத்துவிட்டார்கள். கைப்பிடியைத் திருப்பிக் கேட்டார்கள். குப்பண்ணன் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார். ஏரிக்குள் வேலிகாத்தான் முள் முளைத்து ஆள் உயரம் வளர்ந்தது. இரண்டாம் கோடையில் மேல்மடைக் கிணறுகளும் வற்றின. மூன்றாம் கோடை தொடங்கும்போது தென்னைகளின் தலை ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தது. ஆட்கள் டீக்கடையில் அவரைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள். சிலர் மாற்றவும் மாட்டார்கள்.

"தலைவரே, ரெண்டு நாள்ல ஏரியக் காலி பண்ற வித்தை உங்ககிட்ட இருக்குது. நெறைக்கற வித்தைய எங்க வெச்சிருக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டவர் சிவப்பிரகாஷ். முழுசாத் திற என்று முதலில் கத்தியவரும் அவர்தான். குப்பண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் சிவப்பிரகாஷைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தென்னை நாப்பது போச்சுங்ணா, வேற என்ன பேசறது?" என்றார்.

குப்பண்ணனிடம் அந்த வேகம் போய்விட்டது. வேகம் போனால் நிதானம் வரும் என்பார்கள். அவருக்கு அதுவும் வரவில்லை. தட்டில் சோறு ஆறிக் காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருப்பார். மிச்சமிருந்த மாட்டை விற்றுவிட்டார். ரோட்டைக் கடக்க நின்றால் பஸ் வந்து போன பிறகும் நின்றுகொண்டே இருப்பார். ஒருநாள் விழாத பக்கத்து உள்சரிவில் இறங்கி, ஒரு சாண் ஒரு சாணாகக் கையால் அளந்துகொண்டே கீழே போனார். நான் கூப்பிட்டதற்கு, "மெதுவா எறங்கிப் பாக்கறனுங்ணா" என்றார்.

கிருத்திகா மட்டும் கணவனுக்குத் தெரியாமல் எப்போதாவது போன் செய்வாள். அவள்தான் வழி சொன்னாள். "மாமா, சும்மா போய்க் கேட்டா தரமாட்டாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. பத்து ரூவா ஸ்டாம்புதானுங். காகிதத்த வாங்கிருங்க மாமா. பாப்பா உங்களக் கேட்டுட்டே இருக்குது."

நான் விண்ணப்பம் எழுதினேன். கேள்வி ஒன்றே ஒன்று: ஊஞ்சப்பதி ஏரியின் உட்கரை சரிந்ததற்குக் காரணம் என்ன? குப்பண்ணன் வில்லையை நாக்கில் தொட்டு ஒட்டினார். "மழைன்னு வந்துருமுங்களாணா?" என்றார். எனக்குப் பதில் தெரியும். "பார்க்கலாம்" என்றேன்.

தபால்காரர் பதிவுத் தபாலைக் கொண்டுவந்தபோது குப்பண்ணன் பால் சங்கத்தில் என்னோடு இருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். அவருக்கு மலையாளம் படிக்க வராது. ஒரு பக்கக் கடிதம். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

2021 நவம்பர் 15 முதல் 17 வரை ஏரியின் நீர்மட்டம் முதல் நாள் 152 சென்டிமீட்டரும் இரண்டாம் நாள் 137 சென்டிமீட்டரும் இறக்கப்பட்டுள்ளது. இந்த வகைக் களிமண் கரைக்கு ஒரு நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்குவது பாதுகாப்பானது அல்ல. வேகமாக நீர் இறக்கியதே உட்சரிவு விழுந்ததற்குக் காரணம். வெளிப்பக்கக் கசிவு கரையை உடைக்கும் அளவுக்கு இல்லை. இனி இந்த ஏரியில் மேற்படி அளவைப் பின்பற்ற வேண்டும். கோப்பு முடிக்கப்பட்டது.

"மழைன்னு எங்கியும் போட்டிருக்குதுங்களா?"

"மழை பெய்ததுன்னு போட்டிருக்கு. காரணம்னு போடலை."

"முப்பது சென்டிமீட்டருன்னா எத்தனைங்ணா?"

"ஓரடி."

அவர் கையை விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை பார்த்தார். "பழைய கட்டை சாண்தானுங்களே எறக்கும்" என்றார். பிறகு, "கசிவுக்குக் கரை ஒடஞ்சிருக்காதா?" என்று கேட்டார்.

"ஒடையாதுன்னு எழுதியிருக்காங்க."

"அப்ப தொறக்கவே வேண்டியதில்லீங்."

நான் கடிதத்தை மடித்தேன். அவர் தடுத்தார். "போட்டோப் புடிச்சு நவீனுக்கு அனுப்பியுடுங்ணா."

"குப்பண்ணா, யோசிச்சுச் செய்யலாம். இன்னிக்கே வேண்டாம்."

"எழுத்துல வரட்டும்னான். வந்துருச்சு. மழைன்னு வந்தாத்தான் காட்டுவன்னா நான் சொன்னன்? அனுப்புங்க."

அனுப்பினேன்.  அரை மணி நேரம் கழித்துக் கிருத்திகா என் போனுக்கே கூப்பிட்டாள். அவரிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டு பேசியது எனக்கும் கேட்டது. "பாத்தாருங் மாமா. ரெண்டு தடவ படிச்சாரு. ஒண்ணுஞ் சொல்லலீங். போன வெச்சுட்டு வேலைக்குப் போய்ட்டாருங்."

"செரி அம்மிணி. பாப்பாவப் பாத்துக்க" என்று சொல்லிப் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து, கரைமேல் ஏறாமல், வீட்டுப் பக்கம் நடந்தார். கடிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான் கூப்பிட்டதற்கு, "உங்ககிட்டயே இருக்கட்டுங்ணா, நீங்க தேதி போட்டு வெப்பீங்க" என்றார்.

எனக்கு வரும் எல்லாக் கடிதத்துக்கும் போடுவதுபோல, உறையின் மேல் மூலையில் எழுதினேன்: வந்தது 2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை.